மூன்று பைட்

நானூற்று நாற்பத்தாறு.
அவ்வளவுதான் இடம்.
அதற்குப் பின்னால் வட்டின் பங்கு அட்டவணை,
அதற்கும் பின்னால் இரண்டு பைட் முத்திரை.
என்னிடம் இருந்தது நானூற்று நாற்பத்தொன்பது.

கொட்பேயில் ஓர் ஐஸ் ஆலை.
கட்டுப்பாட்டு அறையில்
தொண்ணூற்று நாலாம் ஆண்டுக் கணினி,
அம்மோனியா நெடியில் மஞ்சளாகிப்போன பெட்டி.
வன்தட்டு செத்து நாலு நாள்.
"சனிக்கிழமை போட்டெல்லாம் கரைக்கு வருது மிஸ்,
ஐஸ் இல்லாட்டி சூரை முழுக்க வெயிலுக்குத்தான்"
என்றார் சப்ரான்.
புதுக் கணினியில் அந்தப் பழைய அட்டை பொருந்தாது.
பொருந்தினாலும், புது ஃபர்ம்வேர்
இந்த வழியாய் ஒருவர் எழுந்திருப்பதுண்டு
என்பதையே மறந்துவிட்டது.

ஆகவே பழையதையே கேட்டேன்.
நாற்பத்தொன்றாம் சேவை:
பெரிய எண் ஒன்று சொன்னால் வட்டை வாசிப்பாயா?
கேரிக் கொடி ஏறி நின்றது.
தெரியாது என்பதை அது அப்படித்தான் சொல்லும்.
இனி உருளை, தலை, பிரிவு என்று
நானே வகுத்துக் கையில் கொடுக்க வேண்டும்.
வகுத்தலுக்கும் பைட் செலவு.

லாச்சியில் கிடந்த ஃப்ளொப்பியில் பழைய ஏற்றி.
செத்த தட்டின் அளவுகளை மனப்பாடமாய் வைத்திருந்தது,
வேறொன்றும் தெரியாது அதற்கு.
அதைப் பிரித்துத்தான் என்னுடையதைக் கட்டினேன்.

உவர்மலையில் என் அறை.
மின்விசிறியே நெருப்பூதும் கச்சான் மாதம்.
ஏஎக்ஸில் பூச்சியத்தை வைக்க மூன்று பைட்.
ஏஎக்ஸைத் தன்னோடு தானே எக்ஸோர் செய்ய இரண்டு.
தன்னோடு மோதினால் எதுவும் பூச்சியம்,
அதற்குச் செலவும் குறைவு.
பக்கத்து வரிக்குத் தாவுவதற்கு
மன்னாருக்குப் போவதுபோல் மூட்டை கட்டியது அசெம்பிளர்;
குறுந்தாவல் என்று கையால் திருத்தினேன்.
முப்பது இடத்தில் உரித்த பிறகுதான்
அந்த நானூற்று நாற்பத்தொன்பது.

இரவு இரண்டு மணிக்கு ஹெக்ஸ் வரிசையில் கண் தடுக்கியது.
4B 44 53.
எந்தத் தாவலும் அங்கே போவதில்லை.
இயங்காத மூன்று எழுத்து: கே, டி, எஸ்.
மூன்று எழுத்து. மூன்று பைட்.
என் விரல் அழிக்கும் விசையில் இருந்தது.

யார் இந்தக் கேடிஎஸ்?
எந்த மொழிக்காரர், இருக்கிறாரா,
ஊரடங்குக்கு முன் வீடுபோய்ச் சேர
அவசர அவசரமாய் இதைச் சேமித்தவரா?
அந்த நாளில் காவலரணில்
எங்கள் முகத்தை யாரும் பார்த்ததில்லை,
அட்டையைப் பார்த்தார்கள்.
பயோஸும் அப்படித்தான்.
கடைசி இரண்டு பைட் சரியென்றால் உள்ளே விடும்,
நடுவில் இருப்பவர் யாரென்று கேட்காது.

விரலை எடுத்தேன்.

மிஞ்சியது பிழைச் செய்தி.
ஆங்கிலத்தில் பத்து எழுத்து,
அவற்றை ஒவ்வொன்றாய் அச்சிட ஒரு சுழல்.
தமிழில் பிழை என்று எழுதவே பன்னிரண்டு பைட்;
எழுதினாலும் அந்தத் திரைக்கு ழ தெரியாது.
செய்தியை வெட்டினேன், சுழலை வெட்டினேன்,
ஒற்றை எழுத்தை விட்டேன்: ஆர்.
நானூற்று முப்பத்தொன்று.
என் பெயருக்கும் இடம் கிடைத்தது.
வைத்தேனா என்று சொல்லமாட்டேன்.

வெள்ளி பின்னேரம் கம்ப்ரசர் இருமி இருமி ஓடியது.
சப்ரான் முதல் கட்டியை உடைத்து
இஞ்சித் தேத்தண்ணிக்குள் போட்டுத் தந்தார்,
குடிக்க முடியாத ருசி.

மாரி தொடங்கிய பிறகு ஒரு நடுச்சாமம் ஃபோன்.
"மிஸ், ஸ்கிரீன்ல ஒரு எழுத்துத்தான் நிக்குது."
என்ன எழுத்து?
"ஆர்."
மழை இரைச்சலில் மறுபடி கேட்டேன்.
"ஆர், மிஸ். ஆர் எண்டு கேட்டுக்கொண்டே நிக்குது."

கார்டைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு
மழைக்கோட்டை மாட்டினேன்.
பஸ் நிலையத்துக்கு முன்னால்
நனைந்த மான்கள் வீதியை அடைத்துப் படுத்திருந்தன.
ஹோர்னுக்கு ஒன்றும் எழும்பவில்லை.